ஒன்பது அடி அனுமதி

தவமணியின் சுவர் ஆறடியைத் தொட்ட அன்று செபஸ்தியானுக்குச் சோறு இறங்கவில்லை.

பெருமாள்மலைச் சரிவில் இப்போது யாரும் தடுப்புச்சுவர் கட்டுவதில்லை. நான்கடிக்கு வளர்சுவர் ஊன்றிவிட்டால் போதும். அதில் கலந்த நுண்ணுயிர்கள் பின்னாலுள்ள மண்ணின் அழுத்தத்தை உணரும். நான்கடிக்கு மேல் தேவையென்றால் சுவரே நகராட்சியின் கணிப்பான் இயந்திரத்திடம் விண்ணப்பித்து, அனுமதி வாங்கி வளரும். மனிதர் விண்ணப்பிக்க வழியில்லை. சிபாரிசு செல்லாத ஒரே அலுவலகம் அதுதான்.

ஒரே நாளில் ஊன்றிய இரண்டு சுவர்களில் பக்கத்து வீட்டுத் தவமணியின் சுவர் மட்டும் வளர்ந்தது. போகிறவர்களெல்லாம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். செபஸ்தியானின் சுவர் நான்கடியிலேயே நின்றது.

மனைவி ரோஸ்லின் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க மண்ணு சரியில்ல, அதான் வளருது. நம்ம மண்ணு நல்ல மண்ணு. இதுக்குப் போயி வயிறெரியலாமா?"

எரியத்தான் செய்தது. அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரத்தில், சுவரில் மழைநீர் வடிய விட்டிருந்த துளைகளையெல்லாம் செபஸ்தியான் பழைய லுங்கியைக் கிழித்து அடைத்தார். ஐப்பசி மழை வந்தது. வடிய வழியில்லாத நீர் மண்ணில் ஊறிக் கனத்தது. சுவர் மிரண்டுபோய் ஐந்து, ஏழு, ஒன்பது என வளர்ந்து, துணியையும் துளைகளையும் தனக்குள் விழுங்கிக்கொண்டது. செபஸ்தியான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார், நான்கு நாள்.

ஐந்தாம் நாள் கணிப்பானின் ஓலை வந்தது. சுவர் கேட்ட ஒன்பது அடிக்கும் அனுமதி தந்தாகிவிட்டது. ஆனால் சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. அவர் வீடு சுவரிலிருந்து ஏழடியில் இருந்தது. வளர்ந்த சுவரைக் குறைக்க விதியில் இடமில்லை.

ரோஸ்லின் பாத்திரங்களை வண்டியில் ஏற்றினாள். அந்த நேரம் பார்த்துத் தவமணி வந்து நின்றான். அவன் கண் சுவரைவிட்டு இறங்கவில்லை.

"ஒம்பது அடி. குடுத்து வச்சவருண்ணே நீங்க," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்பிடிண்ணே வளத்தீங்க?" என்றான்.

செபஸ்தியான் அவன் வீட்டைப் பார்த்தார். ஆறடிச் சுவருக்கும் அதற்கும் எட்டடி இடைவெளி இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, குக்கர் விசில் கேட்டது.

"பழைய லுங்கி ஏதாச்சும் கெடக்கா தம்பி?" என்று கேட்டார்.