ஒட்டும் கல்

குசினி மேசையில் இருந்த கல் இளைத்துப்போயிருந்தது. குயின்ஸ்லாந்துப் பாலைநிலத்திலிருந்து விக்னராஜாவின் ஆய்வுகூடத்துக்கு வந்த பொஸ்பேற்றுப் பாறைத் துண்டு அது. அறுநூறு கிராம் என்று அவனே எழுதி ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. கையில் எடுத்தால் பாதிகூட இல்லை. ஒரு பக்கம் வழுவழுவென்று குழிந்து ஈரமாக இருந்தது.

"வதனா, இந்தக் கல்லை என்ன செய்தனீர்?"

ஏழு மாத வயிற்றோடு கதிரையில் இருந்த மனைவி சிரித்தாள். "நக்கிப் பாத்தனான். நீங்கள்தானே காட்டித் தந்தனீங்கள்."

உண்மைதான். பொஸ்பேற்றுப் பாறை நாக்கில் ஒட்டும், அதன் நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சும் என்று போன மாதம் பெரிய கெட்டிக்காரன்போல் நக்கிக் காட்டியவன் அவன்தான்.

கர்ப்பகாலத்தில் மண் தின்ன ஆசை வருவது வழக்கம் என்று டொக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். கற்களையெல்லாம் ஆய்வுகூடத்தில் கொண்டுபோய்ப் பூட்டினான். அப்படியும் அவள் வாயிலிருந்து புழுதியில் முதல் மழை விழுந்த வாசனை வந்துகொண்டேயிருந்தது. எழுபத்து நாலாம் ஆண்டு பெப்ரவரிக் கோடை வெயிலில் அவர்களுடைய ஹோம்புஷ் வீடு வெந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஒரு துளி வியர்க்கவில்லை.

பாலையில் எப்போதோ பெய்யும் மழை, பாறைக்குள் புதைந்த சிப்பியின் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் வேறொன்று துகள் துகளாக வந்து குடியேறும். சிப்பியின் ஒரு வரிகூட மாறாது; ஆனால் அது சிப்பி இல்லை. இதை எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறான். இப்போது அவள் கன்னத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? பிள்ளை நன்றாகப் பிறந்தால் போதும் என்று மட்டும் வேண்டிக்கொண்டான்.

ஞாயிறு மதியம் அவள் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளை உதைக்குது. ஒருக்கா கொஞ்சுங்கோவன்."

முழங்காலில் நின்று அவள் வயிற்றில் காதை வைத்தான். இதயத் துடிப்பு இல்லை. சரளைக்கல் புரளும் சத்தம். கண்ணீர் வந்தது. கன்னத்தில் வழிந்து அவள் தோலில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே காய்ந்தது.

குனிந்து முத்தமிட்டான்.

உதடு ஒட்டிக்கொண்டது.

இழுத்தான். வரவில்லை. கத்த வாய் திறக்கவில்லை. அவள் கை அவன் பிடரியைத் தடவியது. காய்ந்த கை. பாரமான கை.

"பொறுங்கோ. பிள்ளைக்குத் தாகம்."

உள்ளே புரளும் சத்தம் நின்றது. பிறகு, அவன் உதட்டுக்கு நேர் கீழே, ஏதோ மெல்ல உறிஞ்சத் தொடங்கியது.