பேச்சை நிறுத்தும் தண்ணீர்

“இந்த நானோ மருந்து கிருமியக் கொல்லாதுங்க. அதுக ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறத மட்டும் நிறுத்திப்போடும். பேச்சு நின்னுட்டா கூட்டம் சேராது, குழாய்க்குள்ள வழவழன்னு ஒட்டிக்கிட்டுக் கூடு கட்டாது.”

“அப்படியா? எங்க சித்தி ஊட்டுக்கு ஒரு கேன் அனுப்பு அம்மிணி.”

தனப்பிரியா சொன்னதைக் கேட்டுக் கணவன் இளவழகன் அப்படிச் சிரித்தது போன வருடம், அவள் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது. பிறந்த மகள் நிலாமதி பதினோரு நாள்தான் இருந்தாள். குழந்தையை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்றோடு அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததே இல்லை. ஒரு தடவையாவது அதைச் சொல்லச்சொல்லிச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு நாளும் கேட்க வாயெடுப்பாள் தனப்பிரியா. சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள்.

இன்று காலை, “கோழி ஷெட்டு லைன் அடைச்சுக்கிட்டுத் தண்ணி சரியா வரமாட்டேங்குது” என்று மட்டும் சொன்னான். நாமக்கல் கல்லூரி ஆய்வகத்தில் அவள் தயாரித்த அந்த நானோ மருந்து, துத்தநாக ஆக்சைடு கரைசல், வீட்டில் இருந்தது. ஒரே ஒரு வரிசைக் கூண்டுக்கு, அளந்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்க்க வேண்டியது. அவன் முகம் மலராதா, நல்லதாக ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்ற ஆசையில், பால்போல் வெளுத்திருந்த அதை முழுசாக மேல்தொட்டியில் ஊற்றிவிட்டாள். பண்ணைக்கும் வீட்டுக்கும் அந்த ஒரே தொட்டிதான்.

சாயங்காலம் துணி மடிக்கும்போதுதான் ஏதோ குறைவதுபோலிருந்தது. மின்விசிறியின் கிறீச் கேட்டது, ராசிபுரம் சாலையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது கேட்டது, கோழி எருவின் காரநெடியும் மக்காச்சோளத் தீவனத்தின் மாவு மணமும் எப்போதும்போல் ஜன்னல் வழியே வந்தன. ஆனால் அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகலில் ஒரு நிமிடம்கூட ஓயாத ஐயாயிரம் கோழிகளின் கொக்கரிப்பு மட்டும் இல்லை.

செத்துவிட்டனவா? ஷெட்டுக்கு ஓடினாள்.

சாகவில்லை. கூண்டுக்கு நான்காக அடைபட்டிருந்தவை ஒன்றையொன்று பார்க்காமல், ஆளுக்கொரு மூலையில் முகம் புதைத்து நின்றன. கொத்திக்கொள்ளவில்லை. தள்ளிக்கொள்ளவில்லை. அவை கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாய்களில் தண்ணீர் தெளிவாகச் சொட்டியது.

கடைசி வரிசையில் இளவழகன். சுவரைப் பார்த்தபடி. கையில் பாதி காலியான சொம்பு.

“ஏனுங்க…”

திரும்பவில்லை. தோளைத் தொட்டாள். சூடு இருந்தது. மூச்சு இருந்தது. முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவள் நிற்கும் இடத்தில் யாருமே இல்லாததுபோல் பார்த்தான். உதடு அசைந்தது. சத்தமில்லை.

கூண்டுகளில் அலகுகள் திறந்தன. மூடின. ஐயாயிரம். ஒன்றுகூட இன்னொன்றோடு சேராமல்.

அவளுக்கும் நாக்கு தடிக்க ஆரம்பித்தது. மத்தியானம் அவளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருந்தாள். இனி நாளைக்கென்று தள்ளிப்போட முடியாது. அவன் முகம் அவள் உள்ளங்கைகளுக்குள்ளேயே மெல்ல, மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த குரலையெல்லாம் திரட்டினாள்.

“ஒரே ஒரு தடவை… நிலாமதின்னு சொல்லுங்க.”