வெள்ளைச் சட்டைக்குள் காற்று

குடும்பப் புனிதர் நிக்கோலாவின் திருநாளில் கணவர் கசங்கிய ஆஸ்பத்திரிச் சட்டையோடு படுத்திருக்கக் கூடாதென்று, ராதோய்க்கா வீட்டிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கொண்டுவந்திருந்தாள். மிலாதினின் கழுத்தில் பெரிய ரத்தக் குழாய்க்குள் செருகியிருந்த மருந்துக் குழாய்மேல் அதை மெல்ல இழுத்து மாட்டி, கடைசிப் பொத்தானைப் போட்டபோது, எங்கோ காற்று சீறியது. நின்றது. மறுபடி சீறியது.

"ஜன்னல் சரியா சாத்தலபோல" என்றாள். குறுக்குக் காற்று ஆளைக் கொல்லும் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

திருநாளுக்கென்று அவள் அவித்துக் கொண்டுவந்த இனிப்புக் கோதுமையைத் தின்றுகொண்டிருந்த பக்கத்துப் படுக்கை வேலிபோர் சிரித்தார். "டிசம்பர்ல ஜன்னலைத் திறக்க எனக்கென்ன பைத்தியமா அக்கா? இன்னொரு கரண்டி வைங்க, நானே எழுந்து போய்ப் பாக்குறேன்."

ஜன்னல் இடுக்கில் தன் கம்பளிச் சால்வையைத் திணித்தாள். அறையைச் சூடாக்கும் சுவரோர இரும்புக் குழாய்களின் வண்ணப்பூச்சு வாடையும், வராந்தாவில் தொங்கிய ஈரக் கோட்டுகளின் வாடையும் அறைக்குள் கெட்டியாகத் தேங்கி நின்றன. திரைச்சீலை அசையவில்லை. சீறல் மட்டும் ஓயவில்லை.

மிலாதினுக்கு மூச்சு வாங்கியது. "கிழவி, சட்டையோட சேத்து என்னையும் தச்சுட்டியா?"

"நாளைக்கு வீட்டுக்கு வரணும்ல, வாயை மூடிட்டு நிமிந்து உக்காருங்க." முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து, அன்போடு தூக்கி உட்காரவைத்தாள்.

சீறல் வலுத்தது.

அவர் மூச்சை இழுத்தார். சீறியது. விட்டார். நின்றது. இழுத்தார்.

சீறியது ஜன்னல் இல்லை.

காலரைப் பிரித்தாள். கழுத்துக் குழாய்க்கு வெளியே மூன்று வால்கள். இரண்டில் மூடி இருந்தது. மூன்றாவது மூடி சட்டை மடிப்பில் கிடந்தது. சட்டையை அவள் இழுத்த இழுப்பில் கழன்றிருந்தது.

குழாயின் திறந்த வாயைக் கட்டைவிரலால் அடைத்தாள். சத்தம் நின்றது. வேலிபோர் மணியை விடாமல் அழுத்தினார். நர்ஸ் ஸ்லாவிட்சா ஓடிவந்து தலைமாட்டைச் சரேலென்று இறக்கினாள். "விரலை எடுக்காதீங்கம்மா! காத்து ரத்தத்துக்குள்ள போயிடும், எடுக்கவே எடுக்காதீங்க!"

"எடுக்கமாட்டேன். ஆண்டவரே, இரங்கும்."

மிலாதினின் உதடு நீலமானது. மார்பு தாழ்ந்தது. எழவில்லை.

ஸ்லாவிட்சா டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினாள். ராதோய்க்கா விரலை எடுக்கவில்லை. அசையாத மார்பையே பார்த்திருந்தாள். விரலுக்கடியில், அந்தச் சின்ன வாய், பசித்த சிசுவைப்போல, அவள் சதையை உள்ளே இழுத்தது. விட்டது. இழுத்தது.