காளத்திநாதன் புகைக்காத கஞ்சா

எபனேசர் பல்லாய்வியின் தகட்டைக் கடித்துவிட்டு வெளியே வந்தபோது, அவன் சட்டைப்பையில் நம்பகச் சீட்டு பச்சையாய் ஒளிர்ந்தது. தன் முறைக்குக் காத்திருந்த காளத்திநாதனுக்கு வயிறு எரிந்தது.

நிலவுக்கலன் கட்டுப்பாட்டறையில் இரண்டே இடங்கள் காலி. ஒன்று இப்போது எபனேசருக்கு. நம்பகச் சீட்டு இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஒருவர் வாழ்நாளில் உட்கொண்ட போதைப்பொருள் ஒவ்வொன்றும் பல்லில் விட்டுச்சென்ற கறையைப் பல்லாய்வி படித்து, அவரது வாக்குமூலத்தோடு ஒப்பிடும்.

"காலேஜ்ல ரெண்டு வருசம் கஞ்சா இழுத்ததையும் விட்ட நாளையும் எழுதிட்டேன்டே. அதிகாரியம்மா எந்திரிச்சு நின்னு கைகொடுத்தாங்க!" என்றான் எபனேசர். "நீ என்ன எழுதியிருக்கே?"

"ஒண்ணுமில்லன்னுதான்."

"ஒண்ணுமே இல்லியா? பாவம்டே நீ!" எபனேசர் சிரித்தான். "சும்மா சொன்னேன். உள்ளதை எழுது, போதும்."

அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்தது. கல்லூரி விடுதியில் எபனேசர் அடுத்த அறையில் புகையில் மிதந்த நாள்களில், காளத்திநாதன் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் படித்தவன், வெற்றிலைகூடப் போடாதவன். அந்த ஒழுக்கத்துக்காக இதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை.

பல்லில் கறை இல்லாவிட்டாலும், பழையது அழிந்திருக்கும் என்று இயந்திரம் விட்டுவிடாதா என்ன? அவன் படிவத்தைத் திருத்தினான். பழக்கம்: கஞ்சா. காலம்: மூன்று ஆண்டுகள். எபனேசரைவிட ஓராண்டு கூடுதல். கைவிட்ட நாளையும் கவனமாகக் கற்பனை செய்து எழுதினான். பிறகு தகட்டைக் கடித்தான்.

விளக்கு சிவந்தது.

"பழைய கறை, அழிஞ்சிருக்கும் அம்மா..."

அதிகாரி மெகருன்னிசா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அழியவே அழியாது. இவ்வளவு தூய்மையான பல்லை இந்தக் கருவி இதுவரை பார்த்ததில்லை, தம்பி. உள்ளபடி எழுதியிருந்தால் நானே எழுந்து நின்றிருப்பேன்." பெருமூச்சு விட்டார். "பழக்கத்தை விட்டவருக்கு இங்கே இடமுண்டு. பொய் சொன்னவருக்கு ஓராண்டுத் தடை. எதனால் பொய் சொன்னீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் அதே படிவம்தான்."

காளத்திநாதன் புதுப் படிவத்தை வாங்கிக்கொண்டான். இம்முறை உள்ளதை எழுதினான்.

பழக்கம்: பொறாமை.

காலம்: கல்லூரி முதல்.

மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்த எபனேசரின் சட்டைப்பை பச்சையாய் மின்னியது. 'கைவிட்ட நாள்' என்பதற்கு எதிரே காளத்திநாதனின் பேனா அசையாமல் நின்றது.