வேன் ஓட்ட வந்தவன்

யாரோ கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள். மழை வழியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்கள்... மையிடாத, கோபம் ததும்பும் பெரிய கண்கள்.

கண்ணாடியை இறக்கினான்.

"வீல்சேர் ஏத்துற வழியில வண்டிய நிறுத்திட்டு, உள்ள உக்காந்து என்ன பண்றீங்க?"

அவள் பிடித்திருந்த குடை சக்கர நாற்காலியில் இருந்த அம்மாளுக்கு மட்டும். அவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

என்ன சொல்வான்? பத்து வருடம் உயிரைக் கொடுத்து வளர்த்த கம்பெனியை மூன்று மாதம் முன்பு விற்றிருந்தான். ஒரே கையெழுத்து. ஏழு தலைமுறை உட்கார்ந்து சாப்பிடலாம். மறுநாள் காலையில் எழுந்தால், போக இடமில்லை. அன்றிலிருந்து காரை எங்காவது நிறுத்திவிட்டு இப்படி வெறித்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

காரை நகர்த்திவிட்டு வந்து, நாற்காலியை அவனே உள்ளே தள்ளிப்போனான். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி தரும் சின்ன மையம் அது. அவள் அங்கே பிசியோதெரபிஸ்ட். மறுநாளும் போனான். வழி தவறிவிட்டதா என்று கேட்டு உதட்டுக்குள் சிரித்தாள்... அந்தச் சிரிப்புக்காகவே மூன்றாம் நாளும் போனான்.

பத்தாம் நாள் சொதப்பினான். மையத்துக்குப் புதுக் கட்டடமே கட்டித் தருவதாகச் சொன்னதும் அவள் முகம் இறுகிவிட்டது.

"எங்கப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப அண்ணன் பணம்தான் அனுப்பினான். ஆள் வரல. அப்பா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாரு. உங்க பணம் வேணாங்க."

மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. ரோஷம். அதைவிட, அவள் சொன்னது உண்மை என்ற வலி. பிறகு ஒரு நாள் மனசு கேட்காமல் போனபோது, வேன் டிரைவர் வேலையை விட்டுவிட்டதால் பாதிப் பேர் வர முடியாமல் வீட்டிலேயே கிடக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு வாரம் தாங்குவானா என்று மட்டும் அவள் கேட்டாள்.

இரண்டு மாதம் ஆயிற்று. யாரை எந்தப் பக்கம் தாங்கி ஏற்ற வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. முக்கியமாகத் தையல்காரர்... வலது கை விழுந்துபோன அவர், தினமும் அவனிடம் மட்டும்தான் வாய் திறப்பார்.

அன்று காலை தையல்காரர் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். விடியற்காலையில் போய்விட்டாராம். வேனில் கூட வந்திருந்த அவள் உள்ளே போய்த் திரும்பி வந்து அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. நேற்றுதான் அவரே தன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார் என்றாள்.

"இதுக்கெல்லாம் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாது," என்றான். "ஆனா இந்த மாதிரி வீட்டுலேர்ந்து நீங்க வெளிய வர்றப்ப, நான் இங்க இருக்கணும்... எப்பவும்."

அவள் அவனையே பார்த்தாள்.

"அடுத்த வீட்ல காத்திட்டிருப்பாங்க. எடுங்க."

எடுத்தான். வேன் தெருமுனையில் திரும்பியது.

"சாயங்காலம் எல்லாரையும் விட்டுட்டு, கடைசியா என்னை வீட்ல விடுங்க. அம்மாகிட்ட நானே சொல்றேன்."

"என்னன்னு?"

"வேன் டிரைவரைக் கட்டிக்கப் போறேன்னு."

சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தையல்காரருக்காக அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.