சாவு மேளத்துக்குக் கைதட்டல்

"ஐயோ... மொதலாளி...!"

சமையல்காரி கலாராணியின் அலறல் அந்த நூற்றைம்பது வருடத்துப் பங்களாவைக் கிழித்தது!

ஹல்துமுல்லைக்கு மேலே, வெள்ளைக்காரன் கட்டிய தேயிலைத் தோட்டப் பங்களா. புல்வெளியில் இசை மாலை. கையில் கிளாஸோடு கொழும்புக் கனவான்கள்.

அலறலுக்கும் நாலு பேர் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் அதுவும் ஒரு அயிட்டமாம்... கர்மம்!

உள்ளே முதலாளி குணமணி மண்டை பிளந்து கிடந்தார்.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் இளையதம்பி வந்தார்.

"எப்பிடியம்மா கண்டனீங்கள்?"

"தம்பையாண்ணன் திடீர்னு சாவு மேளம் அடிச்சாருங்க. பதறிப்போயி உள்ள ஓடினேன்..."

கச்சேரியில் வாசிக்க வந்து, தப்பு மேளத்தோடு ஓரமாக நின்ற தோட்டத் தொழிலாளி தம்பையாவிடம் திரும்பினார் இன்ஸ்பெக்டர்.

"பிரேதத்தைக் காண முன்னமே சாவு மேளம்... உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தப்பக் காய வைக்க அடுப்பங்கரைக்குப் போனேங்க. சன்னல் வழியா ரத்தத்தப் பார்த்தேன். ஓடிவந்து சின்ன ஐயாகிட்ட சொன்னேன். 'குடிச்சிட்டுக் கெடக்காரு, நீ போய் அடி'ன்னாரு. மத்தவங்க என்னைய கிட்டவே சேர்க்கல. தோட்டத்துல சாவுன்னா தப்பு அடிச்சுதானேங்க சொல்லுவோம்? அடிச்சேன்... எல்லாரும் கைதட்டுனாங்க!"

சின்ன ஐயா என்பது நிஷாந்த். முதலாளியின் தங்கை மகன். கச்சேரி அவன் ஏற்பாடு. பங்களாவை ஹோட்டலாக்கத் துடித்தான், மாமா மசியவில்லை.

"பச்சப் பொய் சார்! இவன் என்கிட்ட வாயே தொறக்கல. கூலி லயத்துக்காரன் பேச்சையெல்லாம் நம்புவீங்களா?"

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. விலங்கு தம்பையாவின் கையில் ஏறியது. கோட்டுப் போட்டவன் சொல்லுக்கு எதிரே அவர் சொல் எந்தக் கோர்ட்டில் எடுபடும்?

"பண்டாரவளைக்குப் போய் அம்மாகிட்ட சொல்லிட்டு வாறேன் சார்."

நிஷாந்த் வேனைக் கிளப்பினான். கேட்டைத் தாண்டவில்லை!

பாதை நிறைய ஜனம். மேளச் சத்தம் கேட்டுத் தொழிலாளர் லயங்களே இறங்கி வந்திருந்தன. சாவு மேளம் கேட்ட பிறகு பங்களாவிலிருந்து ஒரு வேன் வருகிறது என்றால்... பிரேதம் வருகிறது!

"ஆம்பளைங்க வந்து கை குடுங்கடா! மெதுவா எறக்குங்க!"

கொழுந்து பறிக்கும் வேலாயி பின்கதவை இழுத்துத் திறந்தாள்.

"தொடாதீங்க!" நிஷாந்த் அலறினான்.

உள்ளே பிரேதம் இல்லை. ரத்தம் தோய்ந்த சட்டை... அதில் சுற்றிய பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி!

சத்தம் கேட்டு ஓடிவந்த இன்ஸ்பெக்டரிடம் வேலாயி கையை விரித்தாள்.

"பொணத்தக் காணோங்கய்யா... கொலகாரன்தான் இருக்கான்!"

விலங்கு கை மாறியது.

நிஷாந்தை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. முத்துமாலைச் சீமாட்டி ஒருத்தி கைபேசியோடு தம்பையாவிடம் ஓடிவந்தாள்.

"அந்த பீட் சூப்பர்! வீடியோ எடுக்க மிஸ் பண்ணிட்டேன். இன்னொரு தடவை வாசிங்க, ப்ளீஸ்...!"

தம்பையா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அடிக்கலாங்கம்மா... அதுக்கு யாராச்சும் செத்தாகணும். நீங்க ரெடியா?"