காமென் திரந்தாரொவின் அஞ்சலிச் சுவரொட்டி

ரூசே நகரப் பெருமக்களுக்கும், தன்யூப் நதிக்கும், அதில் வாழும் மீன்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: ராக் உலகின் விடிவெள்ளி காமென் திரந்தாரொவ், நெடுங்கால மௌனத்தைக் கலைத்து, வெள்ளிக்கிழமை தன் ஆல்பத்தை வெளியிடுகிறார்.

அந்த மௌனத்தை ஊரில் யாரும் கவனித்திருக்கவில்லை. அதனால்தான் காமென் தன் விளம்பரத்தை அஞ்சலிச் சுவரொட்டியாகவே அச்சடித்தான். கறுப்புக் கட்டம், சிலுவை, நடுவில் அவன் முகம். ஆல்பம் என்ற சொல் மட்டும் அடியில் பொடி எழுத்தில். மின்கம்பங்களிலும் குடியிருப்பின் வாசற்கதவிலும், நிஜமாகவே செத்துப்போனவர்களுக்கு நடுவே ஒட்டினான். இந்த ஆல்பமும் ஓடாவிட்டால், இனி கல்யாணங்களில் பாடித்தான் பிழைக்க வேண்டும்.

புதன்கிழமை மதியம், கதவிலிருந்த சுவரொட்டியின்மேல் யாரோ கறுப்பு ரிப்பனை முடிந்து குத்தியிருந்தார்கள்.

மாடிப்படியில் கீழ்வீட்டு திமானா, கையில் காலிப் பாத்திரத்தோடு வந்தாள்.

"உன் ஆத்மா சாந்திக்குக் கோதுமை வேகவெச்சு தெரு முழுக்கக் குடுத்தாச்சுப்பா. பாதிரியாரும் ஜெபம் பண்ணிட்டாரு."

"அக்கா, நான் உயிரோட இருக்கேன்! அது விளம்பரம்!"

"அதையெல்லாம் என்கிட்ட சொல்லாத. போஸ்டர்ல போட்டிருக்கு. கடவுள் உன்னை மன்னிக்கட்டும்."

செத்தவர்களுக்குச் சொல்லும் அந்த வாசகத்தைச் சொன்னபோது அவள் குரலில் கிண்டலே இல்லை.

ஸ்டூடியோ இருந்த நிலவறைக்குப் போகும் படிகளில், அக்கம்பக்கத்தார் பீப்பாய்களில் ஊறப்போட்ட முட்டைக்கோஸின் புளித்த வாடை எப்போதும் அடிக்கும். இன்று அதற்கு அடியில் இன்னொரு வாடையும், மழைக்குப் பின் புதிதாக வெட்டிய குழியின் ஈரவாடை, அவனுக்கு முன்னால் இறங்கி, ஸ்டூடியோவின் கதவிடுக்கில் நுழைந்து, உள்ளே காத்திருப்பதுபோல் இருந்தது.

ஒலிப்பதிவாளர் ஸ்னெஜா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"டேய், பாட்டுக்கு நடுவுல ஏதோ தொம்முனு விழுதே, நீ வெச்சதா?"

"நானா? இல்லையே."

"பெரிய கலைஞன், எதையாவது செய்வியேன்னு விட்டுட்டேன். உன் குரலை மட்டும் தனியா போடறேன், கேளு."

பாடும் அறையில் போய் நின்று ஹெட்போனை மாட்டினான். கிட்டார் அடங்கியது, டிரம்ஸ் அடங்கியது, வசந்தகாலத்தில் மூச்சுப்பிடித்து அவன் பாடிய வரிகள் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு மட்டும், மரப்பலகையில் பட்டுத் தன் முகத்துக்கே திரும்பும் சூடான மூச்சு, கேட்டது. பிறகு தொம். பலகைமேல் மண் விழும் சத்தம்.

பிறகு அவன் குரல். பாடவில்லை.

"யாராவது இருக்கீங்களா?"

நிறுத்து என்று சொல்ல காமென் வாயைத் திறந்தான்.

"நிறுத்து," என்றது ஹெட்போன்.

தொம்.

ஸ்னெஜா நிமிர்ந்து பார்த்தாள். "என்னடா? வாய் மட்டும் அசையுது. பேசு."

கத்தினான். தொண்டை புடைத்தது. அறையில் சத்தமில்லை. கத்தல் ஹெட்போனிலும் ஸ்னெஜாவின் ஸ்பீக்கரிலும்தான் வந்தது. பலகைக்கு அடியிலிருந்து. ஒவ்வொரு தொம்முக்கும் இன்னும் ஆழத்திலிருந்து.

நாக்கில் ஏதோ நறநறத்தது.

ஈரம். குளிர்.

மைக்கின்மேல் அவன் உதட்டிலிருந்து மண் உதிர்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நிற்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் ஸ்னெஜா சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். பிறகு, மிக மெதுவாக, ஒலியைக் குறைத்தாள்.

ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியானது. டிரம்ஸ் பரவாயில்லை, பாடகர்தான் சுமார் என்று விமர்சகர்கள் எழுதினார்கள்.